தானாக விழுந்த வாக்கியம்

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு வேர்க்காரி என்று பெயர். ஒரு சொல் எந்த வேரிலிருந்து முளைத்தது என்று தோண்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கண்ணாடி தடித்துவிட்டது, முதுகும் நாற்காலியின் வளைவுக்கு வளைந்துகொடுத்துவிட்டது. இருந்தும் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு அவள் இன்னும் பாப்பாதான். அந்த ஆள் அவளுடைய அண்ணன். பஸ்ஸில் ஏறினால் ஒரு ராத்திரிப் பயணம் தள்ளி, அப்பா விட்டுப்போன நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அண்ணியோடு இருந்தார். பிள்ளை குட்டி இல்லை.

அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. சொல்லுக்குப் பொருள் எழுதினால் மட்டும் போதாது. உயிரோடு இருக்கிற ஒரு மனிதர் அந்தச் சொல்லைத் தன் பேச்சில் சொன்ன வாக்கியம் ஒன்று வேண்டும். புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. சொந்தமாக ஜோடிக்கக் கூடாது. "இந்தச் சொல்லைக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டு வாங்கவும் கூடாது. பேச்சுவாக்கில் தானாக விழ வேண்டும். "கிளையை உலுக்காதீங்க, பழம் தானா விழட்டும்" என்பார் தலைமைப் பதிப்பாசிரியர். எதையும் மூக்கோடு ஒட்டவைத்துப் படிப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

வாக்கியம் விழுந்த உடனே அட்டையில் எழுதிவிட வேண்டும். சொன்னவர் இழுத்தாரா, விழுங்கினாரா, எந்த எழுத்தை மென்றார் என்பதையும் அடியில் குறிக்க வேண்டும். வாக்கியம் கிடைக்காத சொல்லின் தலையில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி ஏறும். செத்த சொல் என்று அர்த்தம். "என்னப்பா, அதுக்குச் சங்கு ஊதியாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். நாள் முழுக்கச் சொற்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது!

'செ' வரிசை வந்தது. 'செய்' என்ற வினைக்கு வாக்கியங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. பேச்சில் அது இல்லாத மனிதர் யார்? அதே சொல் பெயராக நின்றால் விளைநிலம் என்று பொருள். அதற்குத்தான் ஒரு வாக்கியம்கூட இல்லை. ஜனங்கள் வயல் என்கிறார்கள், கழனி என்கிறார்கள், காடு என்கிறார்கள். நஞ்சை, புஞ்சை என்று சொல்லும்போது நன்செய்யும் புன்செய்யுமாக அது உள்ளே இருக்கத்தான் செய்கிறது. தனியாக வெளியே தலைகாட்டுவதில்லை.

"சங்கு ஊதிடலாமா?" என்றார் பூதக்கண்ணாடி.

"சார், எங்க வீட்ல சொல்லுவோம் சார். எங்க அப்பா வாயில வேற வார்த்தையே வராது. அண்ணன் இன்னும் சொல்லுவாரு."

"நீங்க சொன்னா செல்லாதும்மா. நீங்க இந்த வழக்குல கட்சிக்காரங்க. அண்ணன் சொல்லட்டும், எடுத்துக்கலாம். ஆனா நீங்க கேக்கக் கூடாது."

அந்தச் சொல்மேல் அவளுக்கு அப்படி என்ன பாசம் என்று நினைக்கலாம். பாசமாவது மண்ணாவது! அப்பா வாங்கியது நிலமே இல்லை, கல். சரிவு முழுக்கக் கல். அம்மா, அப்பா, பிள்ளைகள் இரண்டு பேர் என்று எல்லாரும் கூடை கூடையாகப் பொறுக்கி ஓரத்தில் சுவர் மாதிரி அடுக்கினார்கள். அப்பாடா என்று நிமிர்ந்தால் அடுத்த உழவில் அடியிலிருந்து புதுக் கல் கிளம்பி வரும். அந்த மண் கல்லைக் குட்டிபோட்டதோ என்னவோ! "நெலம் தானா கெடந்துது. செய் நாம செஞ்சது. கையை எடுத்தோம், திரும்ப நெலமாயிடும்" என்பார் அப்பா. பெரிய தத்துவம்தான். கூடை தூக்குகிற பிள்ளைக்கு நகம் பிய்ந்து ரத்தம் வருவது மட்டும்தான் தெரியும்.

அண்ணன்தான் அவளைக் கரை ஏற்றினார். "நீ போய்ப் படி பாப்பா. உன் கூடையையும் சேத்து நானே தூக்குறேன்" என்றார். சொன்னபடியே தூக்கினார். அவள் படித்தாள், வேலைக்கு வந்தாள், வந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லது கெட்டதுக்கு ஒரு போன், அவ்வளவுதான் உறவு.

வேடிக்கை என்னவென்றால், அப்பா சொன்ன அந்தப் பேச்சுத்தான் பிறகு அவள் எழுதிய வேர்க்குறிப்பாக வந்து நின்றது. செய்யப்பட்ட நிலம் என்பதால் செய். பண்ணப்பட்டது என்பதால் பண்ணை. அதற்கும் பழைய காலத்தில் வயல் என்று பொருள் உண்டு. மண்ணுக்கு இட்ட பெயரில்லை, கைக்கு இட்ட பெயர் என்று எழுதினாள். பூதக்கண்ணாடி அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, "இருக்கலாம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். "உங்க அப்பா சொன்னதெல்லாம் ஆதாரமாயிடாதும்மா" என்றார். அப்பா தோற்றுப்போன மாதிரி அவளுக்குச் சுருக்கென்றது. அதனாலேயே அந்தச் சொல்லைச் சாகவிடுவதில்லை என்று பிடிவாதம் பிடித்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அட, யாரு, பாப்பாவா! மழை கொட்டப் போவுது போ!" என்று சிரித்தார் அண்ணன்.

"சும்மாதாண்ணே. எப்படி இருக்கீங்க? விதைப்பெல்லாம் எந்த மட்டுல இருக்கு?"

மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும். விதைப்பில் தொடங்கி, வாய்க்காலுக்குப் போய், வரப்பில் வந்து நிற்பாள். கையில் பென்சில் தயாராக இருக்கும். அந்தச் சொல்லைத் தன் வாயால் மட்டும் சொல்லமாட்டாள். அண்ணனோ உரக்கடைக்காரரோடும் வேளாண் அதிகாரியோடும் பேசிப் பேசி வயல் என்றே சொல்லப் பழகியிருந்தார். "வயல்ல தண்ணி நிக்குது பாப்பா" என்பார். "நெலம் இன்னும் காயல" என்பார். அவள் பென்சிலைக் கீழே வைப்பாள், மறுபடி எடுப்பாள்.

அவர் வேறு என்னென்னவோ சொன்னார். முழங்கால் நோவு. தண்ணீர் மோட்டாரின் அடம். அண்ணியோடு போட்ட சண்டை. எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். ஒருநாள், "கொஞ்ச நாளா வலது கை மரத்து மரத்துப் போவுது பாப்பா. மண்வெட்டி நழுவுது" என்றார். "ம், அப்புறம்? தண்ணி பாய்ச்சியாச்சாண்ணே?" என்றாள். பாய்ச்சியாச்சு என்றார்.

அவள் பேச ஆரம்பித்தபின் அந்த மனிதர் போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாராம். கண்ணில் பட்டவரிடமெல்லாம், "எங்க பாப்பா தெனமும் பேசுது" என்று பெருமை அடித்தாராம். இதெல்லாம் அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. போன் அடித்தது. அண்ணன். அவராக அழைத்தது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்கண்ணே, ஆபீஸ்ல இருக்கேன்."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லாக, நனைந்த துணியைத் தரையில் இழுப்பதுபோல இழுத்து இழுத்து வந்தது.

"பாப்பா... செய்... கெடக்குது. ஆளில்ல."

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். விழுந்துவிட்டது! கேட்காமல், உலுக்காமல், தானாக விழுந்துவிட்டது!

"அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க."

"செய்... கெடக்குது... பாப்பா. ஆளில்ல."

"உங்களுக்குக் கோடிப் புண்ணியம்ணே! சாயங்காலம் பேசுறேன். வச்சிடட்டுமா?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு சத்தம் வந்தது. சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். போனை வைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் அட்டையில் எழுதினாள். வாக்கியத்துக்கு அடியில் வழக்கப்படி குறிப்பும் எழுதினாள்: "'செய்' நீண்டு ஒலிக்கிறது. யகர ஒற்று தேய்ந்து ஏறக்குறைய இல்லை. 'ஆளில்ல' என்பதில் ளகரமும் லகரமும் ஒன்றாகக் குழைகின்றன. பேச்சு மிக நிதானம். ஊர் வழக்கா? பார்க்கவும்."

எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் எழுதியிருந்தாள். முப்பது வருஷப் பழக்கமாயிற்றே, காது பொய் சொல்லுமா?

பூதக்கண்ணாடி அட்டையை மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தார். "பொன்னும்மா இது, பொன்னு" என்றார். அந்தக் கஞ்ச மகாப்பிரபு தன் கைக்காசைப் போட்டு எல்லாருக்கும் டீ வரவழைத்தார். வேர்க்காரி வாழ்க என்று யாரோ கத்தினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே குடித்தாள்.

அவள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் வரப்பில் சாய்ந்து கிடந்தார். சொல்லவே நாக் கூசுகிறது. வலது கையும் காலும் போய்விட்டன. வாய் கோணி எச்சில் வழிந்துகொண்டிருந்தது. மண்வெட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். தன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்த அண்ணி பொழுது சாய வந்து, ஆளைக் காணோமே என்று தேடிப் போனபோதுதான் பார்த்தாள். போன் அவருடைய இடது கையில் இருந்ததாம்.

அண்ணியின் குரலைப் போனில் கேட்ட உடனேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ராத்திரி பஸ்ஸைப் பிடித்தாள். காலையில் ஆஸ்பத்திரியில் போய் நின்றாள். வார்டில் மருந்து வாடையும் ஈரத்தரை வாடையும் கலந்து அடித்தன. டாக்டர் சின்ன வயதுப் பெண். தூக்கமில்லாத கண்கள்.

"கடைசியா எப்ப நல்லாப் பேசினாரு? பேச்சு எப்பக் குழற ஆரம்பிச்சுது? யாருக்காவது தெரியுமா?"

"தனியா இருந்தாருங்க. நான் பாவி வீட்ல இல்ல. யாருக்குத் தெரியும்?" என்றாள் அண்ணி.

"ஆரம்பத்துலயே கொண்டுவந்திருந்தா ரத்தக் கட்டியைக் கரைக்க மருந்து போட்டிருக்கலாம். இப்ப அந்த நேரம் தாண்டிடுச்சு."

பேச்சு எப்போது குழறியது என்று தெரிந்த ஒருத்தி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். எந்த எழுத்து தேய்ந்தது, எந்த எழுத்து குழைந்தது என்றுகூட அவளுக்குத் தெரியும். ஊர் வழக்கா என்று கேள்விக்குறி போட்டு எழுதி வைத்திருந்தாள். வாய் திறக்கவில்லை. எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அவளைப் பார்த்தார். ஒரு பக்கக் கண் மட்டும் நனைந்தது. வாயை மென்று மென்று, "ஆளில்ல" என்றார்.

"அண்ணே, வந்துட்டேண்ணே. பாப்பா வந்துட்டேன்."

"ஆளில்ல."

"அது ஒண்ணுதான் வருது" என்றாள் அண்ணி. "தண்ணி வேணும்னாலும் அதான், நோவு எடுத்தாலும் அதான்."

சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் நாக்கில் தங்கிவிடுவதுண்டு என்றார் டாக்டர். "அர்த்தத்தோட சொல்றாருன்னு எடுத்துக்காதீங்க" என்று ஆறுதலாகச் சொன்னார். அர்த்தம் எழுதியே பிழைத்தவளிடம் சொன்னார், பாவம், அவருக்கு என்ன தெரியும்?

வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அவள் லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கினாள். அண்ணி கழுவ, இவள் துடைக்க, அண்ணி தூக்க, இவள் தாங்க என்று நாட்கள் போயின. இரண்டு பேரும் வேண்டிய அளவுக்குத்தான் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு நெஞ்சுக்குள் அந்தப் பழைய கூடையைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒருநாள் பின்பக்கம் துணி காயப்போடும்போது தாங்க முடியாமல் கொட்டிவிட்டாள்.

"அண்ணி, அன்னைக்கு அண்ணன் என்கிட்டதான் பேசினாரு. நான்தான்... எனக்குப் புரியல அண்ணி. நான் வச்சிட்டேன்."

அண்ணி கொடியில் ஒரு சட்டையை உதறிப் போட்டாள். மடிப்பை நீவிவிட்டாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"அவரு போனைப் பாத்தேனே. கடைசியா உன் நம்பர்தான். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்." இன்னொரு துணியை எடுத்துப் பிழிந்தாள். "முதல்ல எனக்கு உன் மேலகூட இல்ல, அவரு மேலதான் கோவம். கட்டினவ நான் இருக்கேன், எனக்குப் போன் அடிக்கல. பக்கத்து நெலத்துக்காரர் கூப்பிடு தூரத்துல இருக்காரு, அவருக்கும் அடிக்கல. எங்கியோ இருக்கிற உனக்கு அடிச்சிருக்காரு. ஏன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். நீ தெனமும் பேசுனியே, அதான். பாப்பா எடுக்கும்னு அடிச்சிருக்காரு."

வாளியில் கிடந்த கடைசித் துணியை இவள் எடுத்துக் கொடியில் போட்டாள்.

"நீ ஏன் திடீர்னு தெனமும் பேசுன?" என்று கேட்டாள் அண்ணி. குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஒரு வார்த்தைக்காக என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னாள். அகராதி, அட்டை, சட்டம், டீ குடித்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணி முழுதும் கேட்டாள். திட்டியிருக்கலாம், இரண்டு அறை விட்டிருக்கலாம், அதற்கெல்லாம் இவள் தயாராகத்தான் நின்றிருந்தாள். அண்ணி காலி வாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா ஆயிரம் தடவ சொல்லியிருப்பாரே, பைத்தியக்காரி" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனாள். விதைத்த பயிரைக் களை மூடியிருந்தது. வாய்க்கால் தூர்ந்திருந்தது. மழை கரைத்த இடங்களில் கற்கள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கொத்தினாள். கைத்தோல் கொப்பளித்து உடைந்தது. நிமிர்ந்து பார்த்தால் கொத்திய இடம் ஒரு பாய் விரிக்கக் காணாது. அண்ணன் ஒருத்தராக இத்தனை வருஷம் இந்த மண்ணைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார் என்பது உள்ளங்கை எரிந்தபோதுதான் உறைத்தது. அப்பா சொன்னது நடந்துகொண்டிருந்தது. கை எடுத்தாயிற்று, அது நிலமாகிக்கொண்டிருந்தது.

அங்கே நிற்கும்போதே பூதக்கண்ணாடி போனில் வந்தார். அண்ணனைப் பற்றி விசாரித்தார். மனிதர் நல்லவர்தான், வருத்தப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"'செ' வரிசையை அச்சுக்கு அனுப்பணும்மா. அந்த அட்டையில 'பார்க்கவும்'னு போட்டிருக்கீங்க. என்ன பண்ணட்டும்?"

"அந்த அட்டையைக் கிழிச்சுடுங்க சார்."

"அப்பச் சொல்லுக்குச் சிலுவை போடணுமே."

"போட்டுடுங்க."

"அவசரப்படாதீங்க. நீங்க கேக்கல, உலுக்கல. சொந்த அண்ணன் வாயிலேருந்து தானா விழுந்த வாக்கியம்..."

"அது விழல சார். அவருதான் விழுந்தாரு."

பூதக்கண்ணாடி, "சரிம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அண்ணி வெளியே போயிருந்தாள். முன்னறையில் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையால் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார் என்று அண்ணி அவர் போனை அந்தப் பையிலேயே வைத்துவிட்டிருந்தாள். இவள் தினமும் போன் போடுவாளே, அதே நேரம். இடுப்பில் செருகியிருந்த அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அண்ணன்.

எட்டிப் பார்த்தாள். அவர் இவள் பக்கம் திரும்பவில்லை. இடது கையால் போனைக் கோணலாகக் காதில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தார், எங்கோ தூரத்தில் இருக்கிற ஒருத்தியை அழைப்பவர்போல. கரண்டியைக் கீழே வைத்தாள். போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்கண்ணே."

"ஆளில்ல" என்றது போனில். முன்னறையிலிருந்தும் அதே குரல் வந்தது.

"இருக்கேண்ணே. பாப்பா இருக்கேன். சொல்லுங்க."

"ஆளில்ல."

"ம்."

"ஆளில்ல... ஆளில்ல."

கஞ்சி ஆறிப்போயிற்று. வாசலில் வெளிச்சம் மங்கியது. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று, அவர் கை சோர்ந்து போன் மடியில் விழும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.